ரிஜெக்ட் குழாயில் என்னதான் ஓடுகிறது?

சாயல்குடிக்கு அருகே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி என் மச்சான் ஒரு சிறிய ஆர்ஓ நிலையம் வைத்திருக்கிறார், உவர்நீரை வடித்துக் குடிநீராக்கும் இடம். ஒரு ஆழ்குழாய்க் கிணறு, தகரக் கொட்டகை, வரிசையாக நீல நிறக் கேன்கள். கொட்டகைக்குப் பின்னால் ஒரு குழாய் இரவும் பகலும் தண்ணீரை வெளியே விட்டுக்கொண்டிருக்கும், அதுதான் ரிஜெக்ட் குழாய். அந்தத் தண்ணீரைக் குடித்து அங்கே சீமைக்கருவேலம் காடாக வளர்ந்திருக்கிறது.

போன மாதம் கேன் எடுக்க வந்த ஒரு பெரியவர் அந்தக் குழாயைப் பார்த்துக் கொதித்துவிட்டார். "ஏன் தம்பி, ஒரு குடத்துக்காகத் தள்ளுவண்டியை எவ்வளவு தூரம் உருட்டிய ஊர் இது. பாதித் தண்ணீரை முள்ளுக்கு விடுகிறீர்களே. அந்தக் குழாயை அடைத்தால் இரண்டு மடங்கு கேன் நிரம்பாதா?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. நிலத்தடி நீர் பெரும்பாலும் உவராகவே கிடைக்கும் இந்தக் கரையில், தண்ணீரைக் கொட்டுவது பாவம் என்று வளர்ந்தவர்கள் நாம். இதே கேள்வியை ராமநாதபுரத்தில் படித்தவர்களும் கேட்கிறார்கள். வீட்டு ஆர்ஓ பெட்டியைப் பொருத்த வருகிறவர்கள்கூட "அது வேஸ்ட் தண்ணீர் சார்" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அந்தச் சொல்தான் குழப்பத்துக்கு வேர். பின்னால் ஓடும் தண்ணீர் மிஞ்சியதும் அல்ல, ஒழுகியதும் அல்ல. அது ஒரு வேலை செய்துவிட்டுப் போகிறது. என்ன வேலை என்பதைச் சமையலறையிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம்.

புளிக்கரைசலும் விரலும்

புளியைக் கரைத்துச் சல்லடையில் ஊற்றுங்கள். முதல் கரண்டி சர்ரென்று இறங்கும். இரண்டாவது கரண்டிக்குள் கோதும் நாரும் சல்லடையின் அடியில் படிந்துவிடும். மூன்றாவது கரண்டி மேலேயே நிற்கும். அப்போது நம் வீட்டில் என்ன செய்வார்கள்? விரலால் சல்லடையைத் தேய்ப்பார்கள். படிந்தது விலகும், கரைசல் மறுபடி இறங்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சல்லடையின் ஓட்டை சிறுத்துவிடவில்லை. ஓட்டைக்கு மேல் இன்னொரு சல்லடை உருவாகிவிட்டது. அழுக்கே ஒன்றன் மேல் ஒன்றாக அடைந்து, மூலச் சல்லடையைவிட நெருக்கமான ஓர் அடுக்காகிவிட்டது. பொறியியலில் இதற்குப் படிவடுக்கு என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்.

அழுத்தினால் இறங்காதா என்று தோன்றும். தேங்காய்ப்பால் பிழிந்தவர்களுக்கு விடை தெரியும். துணியை முறுக்க முறுக்க முதலில் பால் வரும். ஓர் அளவுக்கு மேல் எவ்வளவு முறுக்கினாலும் துருவல் கெட்டியாகி இறுகுமே தவிரப் பால் கூடாது. பிரித்து உதறிவிட்டுத்தான் மறுபடி பிழிய வேண்டும். படிவடுக்கும் அப்படித்தான், அழுத்தம் கூடினால் இன்னும் இறுகும்.

டீ வடிகட்டி, பதநீர் வடிக்கும் துணி, வீட்டு ஆர்ஓ பெட்டியின் முகப்பில் இருக்கும் வெள்ளைப் பஞ்சு உருளை எல்லாம் இந்த வகை. வருகிற நீர் முழுவதும் நேராகச் சல்லடையை முட்டுகிறது. போக வேறு வழி இல்லை. இதை முட்டுவடிப்பு என்று சொல்கிறேன். அழுக்கு குறைவாக இருந்தால் இது சிக்கனமான, நல்ல முறை. அடைத்துக்கொண்டதும் கழுவலாம், அல்லது தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக மாட்டலாம். அழுக்கு அதிகமாக இருந்தாலோ, சல்லடை மிக நுண்ணியதாகவும் விலை கூடியதாகவும் இருந்தாலோ இது கட்டுப்படியாகாது. ஆயிரக்கணக்கில் விலை போகும் மெம்பரேனை, அதாவது உப்பை நிறுத்தும் ஆர்ஓ உருளையை, பஞ்சு உருளை மாதிரி மாதம் ஒன்று மாற்ற யாராலும் முடியாது.

சுருக்கமாக: நேராக முட்டினால் அழுக்கு சல்லடை மேலேயே குவியும். அழுத்தம் கூட்டுவது தீர்வாகாது. தேய்த்துவிட ஒரு விரல் வேண்டும்.

வரத்துக்காலில் ஒரு சல்லடை

கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலை நினைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் வைக்கோலும் சருகும் கருவேல முள்ளுமாகத் தண்ணீர் வருகிறது. வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு கம்பி வலையை நட்டால் என்ன ஆகும்? அரை மணி நேரத்தில் சருகு அடைந்து, நீர் தேங்கி, கரை உடையும்.

அதே வலையை வாய்க்காலின் பக்கவாட்டுக் கரையில், ஒரு கிளைமடையின் வாயில் பதித்துப் பாருங்கள். பெரும்பகுதித் தண்ணீர் வலையை உரசிக்கொண்டு நேரே ஓடுகிறது. ஒரு பகுதி மட்டும் வலை வழியே கிளைக்குள் திரும்புகிறது. வலையில் வந்து ஒட்டப் பார்க்கும் சருகை ஓடுகிற நீர் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. எல்லாச் சருகையும் அல்ல, பெரும்பாலானதை. வலை நெடுநேரம் திறந்தே இருக்கும்.

கிராஸ் ஃப்ளோ வடிகட்டல் என்பதன் கரு இவ்வளவுதான். சல்லடையை நீரோட்டத்துக்கு எதிராக வைக்காமல் பக்கத்தில் வைப்பது. விரலின் வேலையை ஓடும் தண்ணீரே செய்வது.

புத்தகங்களில் இதைக் குறுக்குப் பாய்வு என்று எழுதுகிறார்கள். எனக்கு இந்தச் சொல் பிடிக்கவில்லை. குறுக்கு என்றதும் சல்லடைக்குக் குறுக்கே, அதாவது அதைத் துளைத்துக்கொண்டு நீர் போவதாக மனதில் படம் விழுகிறது. நடப்பது அதற்கு எதிர்மாறு. இரண்டு ஓட்டங்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கின்றன என்பதற்கு வைத்த பெயர் அது. இந்தக் கட்டுரையில் உரசுபாய்வு என்றே எழுதுகிறேன்.

இன்னும் மூன்று பெயர்கள் போதும். உள்ளே வருவது ஊட்டுநீர். சவ்வைத் தாண்டி வடிவது வடிநீர். சவ்வை உரசிவிட்டு, தாண்டாத அழுக்கையும் உப்பையும் சுமந்து வெளியேறுவது செறிநீர். நிலையங்களில் இதைத்தான் ரிஜெக்ட் என்கிறார்கள். சவ்வு என்பது மெல்லிய வடிப்புத் தாள், அதைச் சுருட்டி உருளையாக்கி விற்கும் பொருளைக் கடையில் மெம்பரேன் என்று கேட்டு வாங்குகிறோம்.

மின்விசிறியில் தூசி ஏன் படிகிறது?

வேகமாக உரசி ஓடினால் அழுக்கே படியாது என்று இப்போது தோன்றியிருக்கும். வீட்டு மின்விசிறியை நிறுத்திவிட்டு இறக்கையைத் தடவிப் பாருங்கள். நாள் முழுக்கக் காற்றைக் கிழித்துச் சுழலும் இறக்கையில் விரல் கனத்துக்குத் தூசி இருக்கும். அத்தனை வேகத்திலும் அது ஏன் பறக்கவில்லை?

எந்தப் பரப்பின் மேல் காற்றோ நீரோ ஓடினாலும், பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் மிக மெல்லிய படலம் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். அதற்கு மேல் படலம் மெதுவாக நகரும், அதற்கும் மேலே வேகம் கூடும். தூசி அசையாத படலத்துக்குள் ஒளிந்துகொள்கிறது. சவ்வின் மேலும் இதே கதை. நல்ல நீர் சவ்வு வழியே இறங்கிவிட, அது விட்டுச்சென்ற உப்பும் துகளும் அந்த மந்தமான படலத்தில் சேர்கின்றன. அதனால் குழாயின் நடுவில் ஓடும் நீரைவிடச் சவ்வைத் தொடும் நீர் எப்போதும் கூடுதல் உப்பாக, கூடுதல் அழுக்காக இருக்கும். இந்த ஏற்றத்தாழ்வுக்குச் செறிவுத் திரிபு என்று பெயர். சவ்வு உண்மையில் சந்திப்பது நாம் ஊற்றிய தண்ணீரை அல்ல, அதைவிட மோசமான ஒன்றை.

உரசுபாய்வு இந்தப் படலத்தை மெலியச் செய்கிறது. அடியோடு ஒழிப்பதில்லை. வேகம் கூடினால் படலம் மெலியும், சேர்ந்த உப்பு நடு ஓட்டத்துக்குத் திரும்பிக் கலப்பதும் எளிதாகும். அதற்கு இன்னொரு தந்திரமும் உண்டு. மெம்பரேன் உருளையை அறுத்தால் சவ்வுத் தாள்களுக்கு இடையே ஒரு பிளாஸ்டிக் வலை விரித்திருக்கும், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனம். வடிகட்டுவது அந்த வலைதான் என்று நினைப்பவர்கள் உண்டு. அது எதையும் வடிகட்டுவதில்லை. தாள்கள் ஒட்டாமல் இடைவெளி வைப்பது ஒரு வேலை. தண்ணீரை ஒவ்வொரு கண்ணிலும் மோதிச் சுழலவைத்து, அசையாமல் கிடக்கும் படலத்தைக் கலக்கிவிடுவது இன்னொரு வேலை.

வேகத்துக்கு விலை உண்டு, மின்சாரம். எனவே ஓரளவு தெளிந்த நீரை வடிக்கும் பெரிய ஆலைகள் சில, வேண்டுமென்றே முட்டுவடிப்பில் ஓட்டி, அவ்வப்போது நீரைப் பின்னோக்கிச் செலுத்திச் சவ்வைக் கழுவிக்கொள்கின்றன. எங்கும் உரசுபாய்வுதான் சிறந்தது என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பவேண்டாம்.

சுருக்கமாக: உரசி ஓடும் நீர் அழுக்கை இழுத்துச் செல்கிறது. ஆனால் சவ்வை ஒட்டிய மெல்லிய படலம் மந்தமாகவே இருக்கும். அதைக் கலக்கிக்கொண்டே இருக்க ஓட்டம் குறையாமல் இருக்கவேண்டும்.

ஓட்டை எவ்வளவு சிறியது?

தலைமுடி ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான். சேற்றுத் துகளையும் பாக்டீரியாவையும் நிறுத்த 0.1 மைக்ரான் அளவுள்ள துளைகள் போதும், இது நுண்வடிப்பு. வைரஸையும் பெரிய புரத மூலக்கூறுகளையும் பிடிக்க 0.01 மைக்ரான் அளவுக்குப் போகவேண்டும், இது மீநுண்வடிப்பு. இரண்டிலும் உப்பு தங்குதடையின்றித் தாண்டிவிடும். சாயல்குடி உவர்நீரை மீநுண்வடிப்பில் விட்டால் கண்ணாடி மாதிரி தெளிந்த உவர்நீர் கிடைக்கும், அவ்வளவுதான்.

உப்பை நிறுத்துவது ஆர்ஓ, அதாவது எதிர்ச் சவ்வூடுபரவல். இங்கே ஓட்டை என்ற சொல்லையே விட்டுவிடுவது நல்லது. இதன் சவ்வில் சல்லடைக் கண் போன்ற துளைகள் இல்லை. நீர் மூலக்கூறுகள் அந்த மெல்லிய படலத்தில் கரைந்து, ஊர்ந்து மறுபக்கம் வருகின்றன. உப்பு அப்படிக் கரைந்து ஊர்வது மிக மிகக் குறைவு.

இயற்கையில் சவ்வூடு நீர் போகும் திசை வேறு. நல்ல நீர் உப்பு நீரை நோக்கித்தான் போகும். 1748இல் பிரெஞ்சு அறிஞர் நொல்லே பன்றியின் சிறுநீர்ப்பையை வைத்து இந்தப் பரவலைக் கண்டு எழுதினார். ஊறுகாய்க்கு உப்புப் போட்ட மாங்காய் நீர்விட்டுச் சுருங்குவதும் இதுவே. அந்தத் திசையைத் திருப்ப அழுத்தம் வேண்டும். கடல்நீருக்கு எதிரே சும்மா சரிக்குச் சரி நிற்கவே சுமார் 27 மடங்கு காற்றழுத்தம் தேவை, நடைமுறையில் 55 முதல் 70 வரை கொடுக்கிறார்கள். காரின் டயரில் இருப்பது ஏறக்குறைய இரண்டுதான்.

இவ்வளவு அழுத்தத்தைத் தாங்கி, கையில் எட்டும் அளவுக்கு நீரும் தரும் சவ்வு நெடுநாள் கிடைக்கவில்லை. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும், இந்தியாவில் பிறந்த ஸ்ரீனிவாச சௌரிராஜனும் சேர்ந்து அதைச் செய்து காட்டினார்கள். மேலே மிக மெல்லிய அடர்ந்த தோல், கீழே தாங்கிப்பிடிக்கும் தளர்ந்த பஞ்சுப் பகுதி என்று ஒரே தாளில் இரண்டு குணம். நம் கரையில் நரிப்பையூரில் நாளுக்கு 38 இலட்சம் லிட்டர் திறனுக்குத் திட்டமிட்டுக் கட்டிய கடல்நீர் நிலையம் அந்த வம்சாவளியில் வந்தது. மச்சானின் தகரக் கொட்டகையும் அப்படியே.

அறுத்துப் பார்த்த மெம்பரேன்

மச்சானுக்கு முன்பு அதே கொட்டகையை நடத்தியவர் பெரியவர் சொன்னதைச் செய்தே பார்த்திருக்கிறார். ரிஜெக்ட் வால்வை முக்கால் பங்கு மூடினார். முதல் சில நாள் கொண்டாட்டம். கேன்கள் விரைவாக நிரம்பின. பிறகு மெல்ல மெல்லத் தண்ணீர் குறைந்தது, பம்பு முனகியது, நீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் எண் ஏறியது. மழைக்காலம் தொடங்கும் முன் மெம்பரேன்கள் போய்விட்டன.

அவற்றில் ஒன்றை நானும் மச்சானும் ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்தோம். நடுவே துளையிட்ட ஒரு குழாய். அதைச் சுற்றிப் பாய் சுருட்டியது மாதிரி தாள்கள். தண்ணீர் நுழையும் முனையில் வலைக் கண்களில் பழுப்புக் கொழகொழப்பு, விரலில் பாசி மாதிரி வழுக்கியது. வெளியேறும் முனையை நோக்கித் தாளைப் பிரிக்கப் பிரிக்க அது மறைந்து, வெள்ளைப் பொருக்கு தொடங்கியது. கடைசி முனையில் அது உப்புத்தாள் போலச் சொரசொரவென்று இருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது, நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கவில்லை.

ஏன் கரிக்கவில்லை? வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். கடல்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிச் சுண்டவைக்கும்போது உப்பு முதலில் வராது. முதலில் சுண்ணாம்பு வகை படியும், பிறகு ஜிப்சம், நீர் நன்றாகச் சுண்டிய பிறகுதான் உப்பு பூக்கும். எது நீரில் குறைவாகக் கரையுமோ அது முதலில் இறங்கும். மெம்பரேனும் ஒரு குட்டி உப்பளம்தான். நுழையும்போது இருந்த நீர் போகப் போக வடிந்து குறைய, மிஞ்சும் நீர் செறிவாகிக்கொண்டே போகிறது. வால்முனையில் அது உச்சம். வெளியேறும் வழியை நெரித்ததால் அங்கே சுண்ணாம்பும் ஜிப்சமும் கரைந்திருக்க முடியாத அளவுக்கு நீர் சுண்டிவிட்டது. வலுவான ஓட்டமும் இல்லை, இழுத்துப் போக. சவ்வின் மேலேயே பாறையாகிவிட்டது.

எவ்வளவு எடுக்கலாம்?

இதற்குப் பள்ளிக்கூடக் கணக்கே போதும். கிணற்று நீரில் லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் உப்பு என்று வைத்துக்கொள்வோம். மீட்டரில் தெரியும் டிடிஎஸ் என்பது கரைந்திருக்கும் இந்த மொத்தத்தைத்தான். குடிநீருக்கு 500 வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை என்பது இந்தியத் தர அளவு.

நூறு லிட்டர் உள்ளே போகிறது, உப்பு ஏறக்குறைய எதுவும் தாண்டவில்லை என்று கொள்வோம். ஐம்பது லிட்டர் வடித்தால் எஞ்சிய ஐம்பதில் உப்பு 6,000. எழுபத்தைந்து எடுத்தால் 12,000. தொண்ணூறு எடுத்தால் 30,000. கடல்நீரே சுமார் 35,000தான். அதாவது பெரியவர் சொன்னபடி குழாயை நெரித்துக்கொண்டே போனால், ஊர்க் கிணற்று நீரை வைத்து மெம்பரேனுக்குள் மன்னார் வளைகுடாவை உண்டாக்கிவிடுவோம். அதைத் தள்ளக் கொட்டகைப் பம்பால் ஆகாது.

கடல்நீர் நிலையங்களில் பாதிக்கு மேல் எடுப்பது கடினம் என்பதும் இதே கணக்குத்தான். பாதி எடுத்தாலே மிஞ்சுவது 70,000, அதற்கு எதிரே சமமாக நிற்கும் அழுத்தமும் இரு மடங்காகிவிடும்.

எடுக்கும் விகிதத்தைக் கூட்ட ஒழுங்கான வழிகள் இல்லாமல் இல்லை. ஒரு மெம்பரேனின் செறிநீரை அடுத்த மெம்பரேனுக்கு ஊட்டலாம். செறிநீரில் ஒரு பங்கைத் திருப்பி ஊட்டுநீரில் கலந்தால் வெளியே கொட்டுவதும் குறையும், உரசும் வேகமும் குறையாது. பொருக்கு படியாமல் தடுக்கும் ஆன்டிஸ்கேலன்ட் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடலாம். மச்சான் கடைசி இரண்டையும் செய்கிறார். எதைச் செய்தாலும் கணக்கு கிணற்று நீரைப் பரிசோதித்த பிறகுதான் தொடங்கவேண்டும். பக்கத்து ஊர்க்காரர் எந்த அளவில் வால்வு வைத்தார் என்று பார்த்து வைப்பது, அவர் கண்ணாடியை நாம் போட்டுக்கொள்வது மாதிரி.

சுருக்கமாக: வடிநீர் கூடக் கூட, மிஞ்சும் நீர் பல மடங்கு வேகத்தில் உப்பாகும். செறிநீர் அந்த உப்பை வெளியே சுமந்து செல்கிறது, போகும் வழியில் சவ்வையும் தேய்த்துவிடுகிறது.

பன்னாடைக்காக ஒரு வார்த்தை

பனைமட்டையின் அடியில் நார்நாராக வலை போலப் படர்ந்திருக்குமே, அதுதான் பன்னாடை. இங்கே கள்ளும் பதநீரும் வடிகட்டியது அதில். நல்லதை விட்டுவிட்டுச் செத்தையைப் பிடித்து வைத்துக்கொள்வதால் ஒன்றுக்கும் உதவாதவனைப் பன்னாடை என்று திட்டுகிறோம். உரசுபாய்வு உலகில் இந்தத் திட்டு பாதி நேரம் பொருந்தாது. பாலாடைக்கட்டி ஆலையில் மிஞ்சும் தெளிநீரை மீநுண்வடிப்பில் விடும்போது, தண்ணீரும் சர்க்கரையும் தாண்டிப் போய்விடும். சவ்வு நிறுத்தி வைத்த புரதம்தான் விலைபோகும் சரக்கு. தடுப்பூசி, மருந்து ஆலைகளிலும் பல இடங்களில் இதே நிலைதான்: வடிந்தது கழிவு, தங்கியது மருந்து. எந்தக் குழாய் வீண் என்பதைச் சவ்வு முடிவு செய்வதில்லை, நமக்கு எது வேண்டும் என்பது முடிவு செய்கிறது.

மச்சானும் செறிநீரை இப்போது முழுக்க முள்ளுக்கு விடுவதில்லை. ஒரு சிமெண்ட் தொட்டியில் பிடித்து, கேன்களின் வெளிப்புறத்தையும் கொட்டகைத் தரையையும் கழுவுகிறார். செடிக்கு ஊற்றினால் மண் உவராகும் என்பதால் அதற்கு மட்டும் தொடுவதில்லை.

பெரியவரிடம் இதையெல்லாம் நான் இவ்வளவு விரிவாகச் சொல்லவில்லை. மச்சான் ஒரு டம்ளரில் ரிஜெக்ட் தண்ணீரைப் பிடித்து நீட்டினார். அவர் ஒரு வாய் வைத்தார், முகத்தைச் சுளித்துத் துப்பினார். "இதையா உள்ளே அடைக்கச் சொன்னேன்" என்று கேட்டுவிட்டு, கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். கொஞ்ச தூரம் போனவர் திரும்பி வந்து, அந்தத் தொட்டித் தண்ணீரில் வலை அலசிக்கொள்ளலாமா, அதற்குக் காசு உண்டா என்று கேட்டார்.